நீங்கள் மனிதர்தானா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை

அந்த யோசனை எனக்குக் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்தது. இலை போட்டுக்கொண்டு வந்தவர் அவசரத்தில் என் இலையை மாற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நுனி என் வலக்கைப் பக்கம் கிடந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் குழுவின் இணையத்தளத்தில் அன்று காலை வந்து குவிந்திருந்த குப்பைச் செய்திகளைக் கைபேசியில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி ஆன்டிக்கு என்னை முன்பின் தெரியாது. அவர் யாருடனோ பேசிக்கொண்டே, என் பக்கம் திரும்பக்கூட இல்லாமல், கையை நீட்டி என் இலையை அரைச் சுற்றுச் சுற்றி நுனியை இடப்பக்கம் வைத்துவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தார்.

நான் அழிப்பதை நிறுத்தினேன். இதை எந்த எந்திரம் செய்யும்? உலகத்தில் எங்கோ ஒரு மூலையிலிருந்து எங்கள் தளத்தில் காலணி விளம்பரம் ஒட்டிவிட்டுப் போகும் நிரலுக்கு, இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியுமா? ரசம் வருவதற்குள் திட்டம் முழுவதும் தலைக்குள் தயாராகிவிட்டது. பாயச வாளி இரண்டு வரிசை தள்ளி வந்துகொண்டிருக்கும்போதே நான் எழுந்துவிட்டேன்.

“பாயசம் சாப்புடாம எங்கம்மா ஓடுற?” என்றார் ஆன்டி.

“வேல இருக்கு ஆன்டி. நீங்கதான் ஐடியா குடுத்தீங்க.”

“நானா? நான் என்னா குடுத்தேன்?” என்று அவர் தன் இலையைப் பார்த்துக்கொண்டார்.

எங்களுடையது அன்னதானங்களில் இலை போட்டுப் பரிமாறும் தொண்டர் குழு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, மோனோரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் ஓர் அறைதான் அலுவலகம். கோயிலில் சமைப்பவர்கள் சமைத்துவிடுவார்கள். வாளியும் கரண்டியும் ஓட்டமும் எங்கள் பொறுப்பு. ‘எங்கள்’ என்கிறேனே தவிர, நான் அதுவரை ஒரு வாளியைக்கூடத் தூக்கியதில்லை. எனக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அது போக மிச்ச நேரத்தில் எதையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் கை சும்மா இருக்காது. இதை அம்மா ஒருநாள் குழுத் தலைவரிடம் குறையாகச் சொல்லப்போக, அவர் அதையே தகுதியாக எடுத்துக்கொண்டு என்னிடம் வெப்சைட்டை ஒப்படைத்துவிட்டார்.

தலைவர் அங்கிள் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிய பொருள் எது வந்தாலும் அது தனக்காகவே வந்தது என்று நம்புகிறவர். குழுவின் வாட்ஸ்அப்பை இழுத்து மூடியது அவர்தான். தினமும் விடிவதற்குள் வந்து குவியும் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூக்களுக்கு அடியில், ‘சாம்பார் வாளி யார் வீட்டில் இருக்கிறது?’ என்ற அவருடைய கேள்வி வாரக்கணக்கில் புதைந்து கிடந்திருக்கிறது. பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் தன் ரோஜாவையும் ஒன்று அனுப்பிவிட்டு, குழுவைக் கலைத்துவிட்டார்.

“இனிமே எல்லாம் வெப்சைட்லதான். கெஸ்ட்புக் ஒன்னு இருக்குல்ல? வர்றவங்க அதுல வந்து எழுதட்டும்.”

கெஸ்ட்புக் இருந்தது. எப்போதோ யாரோ இலவசமாகக் கிடைத்த நிரலைக் கொண்டு அமைத்தது. உறுப்பினர்கள் அதில் எழுதவும் செய்தார்கள், அதுவும் தமிழில். ஆனால் அந்தப் பழைய நிரலுக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டு வைத்துவிடும். நான் பொறுப்பேற்றபோது பக்கம் முழுக்க வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். ஒவ்வொரு வரிசைக்கும் கீழே தலைவர் அங்கிள் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்: தங்கள் சந்தேகத்துக்கு நன்றி, சனிக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும், நேரில் வந்து கேட்கலாம்.

“நம்ம ஆளுங்களுக்கு எவ்ளோ டவுட்டு பாரும்மா,” என்றார் என்னிடம். “ஒருத்தரு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருக்காரு.”

எழுத்துக் குறியீட்டை மாற்றி, தரவுத்தளத்தை மாற்றி, தமிழ் தமிழாகவே தெரியும்படி செய்ய எனக்கு ஒரு வார இறுதி பிடித்தது. பழைய கேள்விக்குறிகள் போனவை போனவைதான். அவற்றை மறுபடி எழுத்தாக்க வழியில்லை. சோதனைக்காக என் கைபேசியிலிருந்து ‘ழ’ என்று ஒரே ஓர் எழுத்தை அனுப்பினேன். ‘ழ’ என்றே வந்தது. கம்போங் மேடான் பிளாட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் போட்ட கூச்சலுக்கு, மேல் வீட்டுக்காரர் தரையில் தட்டினார்.

ஆனால் தமிழ் வருவதற்கு முன்பே அங்கே ஸ்பேம் வந்து குடியேறிவிட்டது. காணாமல்போன பாயச வாளி மூடி பற்றி நாங்கள் போட்ட அறிவிப்புக்குக் கீழே ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ‘மிக அருமையான கட்டுரை. இந்தப் பொருளில் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. என் சகோதரரும் இதையே சொன்னார்.’ கடைசியில் கூரை ஒழுகலைச் சரிசெய்யும் தளம் ஒன்றுக்கு இணைப்பு. அதற்குக் கீழே எடை குறைக்கும் மாத்திரைக்காரர். அவரும் மூடி விஷயத்தால் வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

நான் அழிக்க ஆரம்பித்ததும் தலைவர் அங்கிள் போன் செய்தார்.

“ஏம்மா, நல்லா எழுதுறவங்கள எல்லாம் ஏன் தூக்குற?”

“அங்கிள், அது ஆளே இல்ல. மிஷின்.”

“மிஷினா இருந்தா என்னா? மரியாதையா எழுதியிருக்கான்ல? நம்ம செக்ரட்டரி ஒருநாளாவது என்னப் பத்தி இப்படி எழுதியிருக்காங்களா?”

செயலாளர் அக்கா அப்படி எழுதக்கூடியவர் அல்லர். கிள்ளானில் டியூஷன் வகுப்பு நடத்துகிறவர். குழுவில் இருக்கும் எல்லோருடைய போன் நம்பரும் அவருக்கு மனப்பாடம். முன்பெல்லாம் ஒரு விசேஷம் என்றால் அவர்தான் ஆள் ஆளாகக் கூப்பிட்டு, திட்டி, வரவழைப்பார். வெப்சைட் வந்ததும் அந்த வேலை அவரிடமிருந்து போய்விட்டது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என்ன ஆகிறது பார்க்கலாம் என்று காத்திருந்தார்.

பார்க்க வேண்டிய நேரம் சீக்கிரமே வந்தது. கிள்ளானில் நாங்கள் வழக்கமாகப் பரிமாறும் கோயிலின் திருவிழா அன்னதானம் நெருங்கியது. போன முறை எங்கள் ஆள் குறைந்து, ரசம் வருவதற்குள் சிலர் மோர் வரை போய்விட்டார்களாம். இந்த முறை திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குள் போதுமான ஆட்களைக் காட்டாவிட்டால், கேட்டரிங்காரரிடம் விட்டு, பஃபே மேசையும் காகிதத் தட்டும் வைத்துவிடப் போவதாகக் கோயில் நிர்வாகம் சொல்லியனுப்பியது.

கூட்டத்தில் அக்கா நேராகவே கேட்டார். “நான் போன் பண்ணவா, வேணாமா?”

“வேணாம். வெப்சைட்ல போட்டா தானா வருவாங்க.”

“வரலன்னா?”

“வரலன்னா நான் தலைவர் பதவிய விட்டுடுறேன், போதுமா?”

“மினிட்ஸ்ல எழுதிக்கிறேன் அங்கிள்,” என்றார் அக்கா, எழுதிக்கொண்டே.

பதினைந்து வருடத் தலைவர் பதவி என் தலையில் வந்து உட்கார்ந்தது. பதிவு செய்கிறவர்களின் பெயர்கள் காலணிக்கும் மாத்திரைக்கும் நடுவே தொலையாமல் இருக்க, வாசலில் ஒரு காவல் வேண்டும். முதலில் எல்லாத் தளங்களிலும் இருப்பது போலப் படப் புதிரை வைத்தேன்: போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தொடவும். தலைவர் அங்கிளே முதல் ஆளாக முயன்று, வெளியே தள்ளப்பட்டார்.

“அந்தப் படத்துல லைட்டு கம்பம் சாஞ்சு நிக்குது. அத சிக்னல்னு நான் எப்படி ஒத்துக்க முடியும்?”

படப் புதிரைத் தூக்கினேன். அடுத்த வாரம்தான் அந்தக் கல்யாணம், அந்த ஆன்டி, அந்த இலை.

என் காவலை நான் இன்றும் அழகானது என்றே சொல்வேன். கெஸ்ட்புக்கில் எழுதவோ பெயர் பதியவோ வருகிறவரிடம் ஒரே கேள்வி: ‘பந்தியில் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?’ பதிலை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். தமிழில் இடது, இடப்பக்கம், இடக்கைப் பக்கம், பேச்சு வழக்கில், ஆங்கிலத்தில், மலாயில், தமிழையே ஆங்கில எழுத்தில், எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதத்திலும். எங்கள் ஊர்ப் பேச்சில் வருவது போல இறுதியில் ‘லா’ சேர்த்து எழுதினாலும் ஏற்கும்படி செய்திருந்தேன். வேறு எந்தத் தளம் ‘லா’வுக்கு இடம் கொடுத்திருக்கிறது? தவறான பதிலுக்கு இரண்டு வாய்ப்பு. பிறகு கதவு மூடிக்கொண்டு ஒரு செய்தி வரும்: ‘மன்னிக்கவும். நீங்கள் மனிதர்தானா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை.’ அந்த ‘இயலவில்லை’யை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறந்த அன்றே கூட்டம் முட்டியது. தடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. என்ன பதில் எழுதினார்கள் என்பதை நிரல் சேமிக்காது. குப்பையை எதற்குச் சேமிப்பது என்று நான்தான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். தலைவர் அங்கிளுக்குத் தினமும் போன் செய்து சொன்னேன்.

“இன்னைக்கு மட்டும் எவ்ளோ மிஷின தடுத்திருக்கோம் தெரியுமா அங்கிள்!”

“சபாஷ்! உள்ள எத்தன பேரு?”

உள்ளேயும் பதிவுகள் வந்துகொண்டிருந்தன. அத்தனையும் நல்ல தமிழில். ‘இந்த உன்னதமான தொண்டில் பங்கேற்க மிகுந்த ஆவலாக உள்ளேன்’ என்று ஒருவர். ‘தங்களின் சேவை மனப்பான்மை என்னை நெகிழ வைத்தது’ என்று இன்னொருவர். ஒற்றுப்பிழைகூட இல்லை. இலைக் கேள்விக்கு எல்லோரும் ‘இடதுபுறம்’ என்று எழுதி, சிலர் அதற்கான காரணத்தையும் விளக்கியிருந்தார்கள். ஒருவர் கூரை பழுது பார்ப்பவர். இன்னொருவர் உடல் எடை ஆலோசகர். தொழிலைச் சொல்லிக்கொண்டு தொண்டுக்கு வருவது இங்கே வழக்கம்தானே? அதோடு இலைச் சோதனையில் தேறியவர்கள். நான் சந்தேகப்படவில்லை.

அக்கா மட்டும் என் கைபேசியை வாங்கிப் படித்துவிட்டு, “‘மேலும் அறிய இங்கே சொடுக்கவும்’னு எந்த மனுஷன்மா பேசுவான்?” என்றார்.

“முறையான தமிழ் அக்கா. நாம பேசுறதில்ல, அவ்ளோதான்.”

“ஓ,” என்றார் அக்கா. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயில் மண்டபத்தில் தலைவர் அங்கிள் எனக்கு முன்பே வந்து, மேசைமேல் வாளிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு சீட்டுக் கட்டியிருந்தார். சாம்பார்: கூரை பழுது பார்ப்பவர். பாயசம்: எடை ஆலோசகர். ரசம்: காலணி மொத்த வியாபாரி. மண்டபத்துக் கூரை அந்த மூலையில் வழக்கம்போல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கோயிலார் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். தலைவர் அங்கிள் அதைக் காட்டி, “அந்தக் கூரைக்காரர் வந்தார்னா அதையும் ஒரு பார்வை பாத்துடுவாரு,” என்றார்.

யாரும் வரவில்லை. கோயில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் அங்கிள் சீட்டுகளை அவிழ்த்து, இன்னும் அழகாகக் கட்டினார். அக்கா மினிட்ஸ் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருந்தார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நான் வெளியே போய்க் கூரைக்காரர் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அப்படி ஓர் எண் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் மிக மரியாதையாகச் சொன்னது.

திரும்பி உள்ளே வரும்போது மண்டப வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. அதிலிருந்து குழுவின் மூத்த பரிமாறும் ஆள் ஒருவர் இறங்கினார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறவர். எல்லோருக்கும் லோரி அண்ணன். கைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே வந்தார்.

“யாரு? என்ன மனுஷன் இல்லன்னு சொன்னது யாரு?”

நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒளியலாம் என்று பார்த்தேன். கூட்டமே இல்லை.

“எத்தன வருசமா இலை போடுறேன்! எனக்கே இலையப் பத்திக் கேள்வியா? சரி, கேட்டுட்டுப் போகட்டும். ரைட்டுன்னு போட்டேன். இல்லையாம். வலதுன்னு தமிழ்ல போட்டேன். மனுஷன் இல்லையாம்! அத அப்படியே படம் புடிச்சு, ஞாயித்துக்கிழம மண்டபத்துல வந்து கேப்போம்னு எல்லாருக்கும் அனுப்பிட்டேன். எல்லாருக்கும் அதேதான் வந்திருக்கு!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த ‘எல்லாரும்’ வரத் தொடங்கிவிட்டார்கள். மோட்டார்சைக்கிளில், காரில், கொமூட்டர் ரயிலில் வந்து இறங்கி நடந்து. ஒவ்வொருவர் கையிலும் என் ‘இயலவில்லை’. ஓர் அங்கிள் அதை அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்.

“அண்ணே, நுனி இடது பக்கம்தான்,” என்றேன். “எந்தக் கல்யாணத்துல வேணும்னாலும் பாருங்க.”

“கல்யாணத்துல பாத்துட்டுத்தான் சொல்றேன். வலது!”

ஒருவர் எங்கிருந்தோ ஒரு வாழையிலையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். நான் இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தேன். லோரி அண்ணன் எதிர்ப்பக்கம் போய், கையில் வாளி இருப்பது போலக் குனிந்து நின்றார்.

“இப்ப சொல்லு. நுனி எங்க?”

“என் இடது கைப் பக்கம்.”

“என் வலது கைப் பக்கம்! நீ உக்காந்து சாப்புடுற பக்கத்துல இருந்து கேட்டிருக்க. நாங்க எங்க உக்காந்தோம்? நாங்க இந்தப் பக்கம்தானே நடப்போம்?”

பரிமாறுகிறவர்களைத் தேர்ந்தெடுக்க நான் வைத்த சோதனையில், பரிமாறுகிற ஒருவர்கூடத் தேற முடியாது. சாப்பிடவும் முடியாத, பரிமாறவும் முடியாத நிரல்கள் மட்டும் எங்கோ படித்ததைப் பார்த்து எழுதித் தேறியிருந்தன. நான் இதை வாய்விட்டுச் சொல்வதற்குள் மண்டபம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கேள்வியைச் சாப்பிடுகிறவர் பக்கமிருந்துதான் படிக்க வேண்டும் என்று சிலர். பரிமாறும் குழுவின் தளத்தில் வந்தால் பரிமாறுகிறவர் பக்கம்தான் என்று சிலர். நுனியை வைத்துப் பார்க்கக் கூடாது, அகலமான பக்கத்தை வைத்துத்தான் கேட்டிருக்க வேண்டும் என்று அச்சடித்த அங்கிள். ஒவ்வொருவரும் மாறி மாறி உட்கார்ந்தும் நின்றும் பார்த்தார்கள். இலை கிழிந்தது. வேறு இலை வந்தது.

இந்தக் களேபரத்துக்குள் தலைவர் அங்கிள் மட்டும் அமைதியாக நடந்துகொண்டிருந்தார். வாதாடிக்கொண்டிருப்பவரின் கையில், அவர் கவனிக்காதபோது, ஒரு வாளியைச் செருகினார். சாம்பார் லோரி அண்ணனுக்கு. பாயசம் அச்சடித்த அங்கிளுக்கு. வாளிகள் தீர்ந்தபோது ஆட்கள் மிச்சமிருந்தார்கள். வாசலில் இருந்த கோயில்காரர் எழுந்து வந்து, ஒருமுறை தலைகளைப் பார்த்தார். “இவ்ளோ பேரு போதும் தலைவரே. சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க,” என்று நாற்காலியை மடித்துக்கொண்டு போனார்.

தலைவர் அங்கிள் அக்காவிடம் வந்தார்.

“மினிட்ஸ்ல எழுதிக்குங்க. ஆளுங்க வெப்சைட் மூலமா வந்தாங்க.”

“வெப்சைட் அவங்கள வெரட்டி விட்டிருக்கு அங்கிள்.”

“வெரட்டினதாலதானே வந்தாங்க? நீங்க போன் பண்ணியிருந்தா இத்தன பேரு வந்திருப்பாங்களா? போன வருசம் பாத்தோமே.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு நோட்டைத் திறந்து, பதவி விலகல் பற்றிய வரியின்மேல் ஒரு கோடு போட்டார். என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “எனக்கும்தான் வந்துச்சு. மனுஷி இல்லன்னு. முதல் நாளே.”

“ஏன்க்கா சொல்லல?”

“யார்ட்ட சொல்றது? உன் கெஸ்ட்புக்குல எழுதலாம்னு பாத்தேன். உள்ள விடல.”

அன்னதானத்தன்று எனக்கு அப்பளக் கூடை கொடுத்தார்கள். முதன்முறையாக மேசைக்கு அந்தப் பக்கம் நடந்தேன். நுனிகள் எல்லாம் என் வலக்கைப் பக்கமே வரிசையாக வந்துகொண்டிருந்தன. இரண்டாவது வரிசையில் ஒருவர் இலையை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கை தானாக நீண்டு அதைச் சுற்றிவிட்டது. “ஏம்மா, சாப்பாட்ட எங்க கொண்டுபோற?” என்றார் அவர். ஏற்கெனவே சாம்பார் ஊற்றியிருந்தார்கள்.

இப்போது புதிய காவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியான பதிலைக் கேட்பதுதான் தப்பு. அதை எந்திரம் எப்படியும் சொல்லிவிடும். அதனால் கேள்வியே கிடையாது. பதிவுப் பக்கத்தின் உச்சியில் ஓர் அறிவிப்பு மட்டும் இருக்கும்: ‘இந்த ஆண்டு முதல் பாயசத்துக்குப் பிறகே சாம்பார் பரிமாறப்படும். தங்கள் கருத்து?’ ‘அருமையான முடிவு’ என்று மரியாதையாக எழுதுகிறவர் குப்பைக்கு. சண்டைக்கு வருகிறவர், எந்த மொழியில், எந்த எழுத்தில் வந்தாலும் உள்ளே. திட்டும் சொற்களை மூன்று மொழியிலும் சேகரிக்க வேண்டும். லோரி அண்ணன் ஒரு மாலை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தலைவர் அங்கிள் சம்மதித்துவிட்டார், ஒரே நிபந்தனையோடு. கூரைக்காரரை மட்டும் தடுக்கக் கூடாதாம். மண்டபத்து மூலை இன்னும் ஒழுகுகிறது; அவருக்கு இவரே மறுபடி ஒருமுறை எழுதிப் பார்க்கப் போகிறாராம்.